தேதி தப்பி வந்த விருந்தாளி

"நவம்பர் எட்டு, காலையில பத்து மணி" என்று டாக்டர் ஒத்திலியா சொன்னபோது எனக்கும் அது ஏதோ ஒரு நாளாகத்தான் பட்டது. நான் மாவட்ட ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், குளிர்ந்த தகட்டில் மார்பை அழுத்தி நின்றுகொண்டிருந்தேன். மூச்சை இழு, பிடி, விடு. அந்த மூன்று சொற்களுக்கு நடுவே வேறு எதுவும் மனதில் தங்காது.

படம் வந்ததும் டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வசந்தத்தில் என் இடது நுரையீரல் முழுக்கப் படர்ந்திருந்த வெள்ளை இப்போது சுருங்கியிருந்தது. மார்ச் மாதத்தில் குன்றின் வடக்குச் சரிவில் மட்டும் பிடிவாதமாக மிச்சமிருக்கும் பனித்திட்டுப் போல.

"அழகா இருக்கு" என்றார் டாக்டர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து அழகு என்று சொல்லும் ஒரே மனுஷி அவர்தான்.

எனக்கு வந்திருந்தது சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய். பழைய சிகிச்சை என்றால் கிட்டத்தட்ட இரண்டு வருடம், தினமும் ஊசி. அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் உண்டு. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது புது மருந்து. ஊசி கிடையாது, அரை வருடத்தில் முடிந்துவிடும். அது பலிக்குமா என்று பார்க்கும் ஆய்வில் நானும் ஒருத்தி. பலிக்கிறது என்று என் நுரையீரலே சொல்லிக்கொண்டிருந்தது.

"முதல் கட்டத்துக்கான பணம் இதோட முடியுது, அங்கெலினா. ரெண்டாம் கட்டத்துக்குப் பணம் குடுக்கலாமான்னு பார்க்க ஒருத்தர் வர்றார். ஹால்வார்னு பேரு, நார்வேக்காரர். நோயாளிங்களைக்கூட அவர் கேக்கல. நோயாளி வீட்டு ஆளுங்களைத்தான் பார்க்கணும்னார்."

அந்த இரண்டாம் கட்டத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கு, அவர்கள் படுக்கையில் விழுவதற்கு முன்பே மருந்து கொடுக்கும் ஆய்வு அது. என் மகள் மலினாவுக்கு ஐந்து வயது. என் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் தூக்கம் வரும் அவளுக்கு. கோடையில் அவள் கையில் ஊசி குத்திச் சோதித்த இடம் சிவந்து வீங்கியது. கிருமி உள்ளே இருக்கிறது, தூங்குகிறது என்றார் டாக்டர். என்னுடைய வகைக் கிருமியைத் தூக்கத்திலேயே கொல்ல உறுதியான மருந்து இன்னும் கையில் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வு. ஆய்வு வராவிட்டால், அது விழிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"ஆனா ஜூலையில கூப்பிட்டப்ப ஒரு வீட்டுலேருந்தும் யாரும் வரலையே" என்றேன்.

"அதேதான் அவங்க கவலையும். ஆளே வராத ஊருக்கு எதுக்குப் பணம்னு கேக்குறாங்க. வேற நாடுங்களும் இதே பணத்தைக் கேட்டு நிக்குது." டாக்டர் படத்தை உறையில் போட்டார். "இந்தத் தடவை நான் ஒவ்வொருத்தருக்கும் போன் பண்றேன். வருவாங்க."

வரமாட்டார்கள் என்று இருவருக்குமே தெரியும். எங்கள் ஊர் மெரேஷ்தியில் கிளினிக்குக்கு இரண்டு வாசல். முன்வாசல் பல்வலிக்கும் பிரசவத்துக்கும். பக்கவாசல் நுரையீரலுக்கு. பக்கவாசலில் நுழைகிறவளை எதிர்வீட்டு ஸினோவியா ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பாள். நுழைந்தவள் வெளியே வருவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். நான் அந்த வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. மாத்திரைகளை மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்டு, வீட்டில் போனின் கேமரா முன் விழுங்கி, டாக்டருக்கு வீடியோ அனுப்புவேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மாமியார் ப்ரோஃபிரா முற்றத்தில் சேவல்களின் இறகைப் பறித்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்த மரங்கள், அடிப்பாகத்தில் புதிதாகச் சுண்ணாம்பு பூசப்பட்டு, வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நின்றன.

"எதுக்கு அத்தை இத்தனை சேவல்?"

"எதுக்கா? இத்தாலி வெயில்ல மூளை உருகிப்போச்சா? எட்டாந்தேதி ஊர்த் திருநாள். புனித திமித்ரு வர்றார்!"

இத்தாலி விஷயம் அத்தையின் கற்பனை. வசந்தத்தில் நான் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தபோது, இத்தாலியில் தூரின் நகரத்தில் கட்டட வேலை செய்யும் என் கணவரிடம் போயிருப்பதாக ஊருக்குச் சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும் எல்லோரும் கடலைப் பற்றிக் கேட்டார்கள். அதுவரை கடலையே பார்க்காத நான், அது பச்சையும் நீலமுமாக இருந்ததென்றும் மாலையில் ஆரஞ்சுத்தோல் வாசனை அடித்ததென்றும் சொன்னேன். ஒயின் குடிக்காததற்குக் காரணம் ஈரல் என்று அத்தை சேர்த்துக்கொண்டார். இத்தாலிச் சாப்பாடு ஈரலைக் கெடுத்துவிட்டதாம்.

உடனே டாக்டருக்குப் போன் செய்தேன்.

"டாக்டரம்மா, எட்டாந்தேதி எங்க ஊர்த் திருநாள்."

"என்ன திருநாள்?"

"திமித்ரு."

"திமித்ரு போன மாசமே முடிஞ்சாச்சே! நான் அம்மா வீட்டுல போய் வாத்துக்கறி சாப்பிட்டுட்டு வந்தேன்."

"அது உங்க கோயில் நாள்காட்டி. எங்க ஊரு பழைய நாள்காட்டி. எங்களுக்குக் கடவுளே பதிமூணு நாள் தாமதமாத்தான் வருவார்."

மறுமுனையில் டாக்டர், படித்த பெண்கள் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னார். ஹால்வாருக்கு விமானச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அடுத்த நாளே அவர் வேறு நாட்டுக்குப் போகிறார். திருநாளன்று எங்கள் ஊரில் விருந்துக்குத் தவிர வேறெதற்கும் ஒருவரும் வீட்டை விட்டு நகரமாட்டார்கள். எந்த நேரமும் விருந்தாளி வரலாம், அடுப்பு அணையக்கூடாது. அன்று கிளினிக் நர்ஸே வேலைக்கு வரமாட்டாள்.

எட்டாம் தேதி காலை மலினாவுக்குச் சிவப்புக் கோட்டு மாட்டி, முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய சர்மாலே வேகும் வாசனையில் மிதந்துகொண்டிருந்த தெரு வழியாகக் கிளினிக்குக்கு நடந்தேன். முதல்முறையாகப் பக்கவாசலில் நுழைந்தேன். ஸினோவியாவின் திரை அசையவில்லை. அவளும் அடுப்படியில் இருந்திருப்பாள்.

உள்ளே காலி பெஞ்சுகள். ஹால்வார் வாசற்படியில் தலை இடிக்காமல் குனிந்தே பழகியவர்போல அறைக்குள்ளும் குனிந்து நின்றார். வைக்கோல் நிறத் தலைமுடி, பொறுமையான கண்கள். மலினாவிடம் கைகுலுக்கினார். பிறகு பெஞ்சுகளைப் பார்த்தார். டாக்டரிடம் மெல்ல ஏதோ கேட்டார். டாக்டரின் காது சிவந்தது.

"என்ன கேக்குறார்?"

"இவங்க ரெண்டு பேர்தானான்னு."

டாக்டர் ஒத்திலியாவை அப்படி நான் பார்த்ததில்லை. பாதி மாவட்டத்தின் இருமலைத் தனியாகச் சுமக்கும் அந்தப் பெண், வீட்டுப்பாடம் எழுதாத மாணவிபோல நின்றார்.

"டாக்டரம்மா, அவர்கிட்ட சொல்லுங்க. இங்க யாரும் வரமாட்டாங்க. இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே வரமாட்டாங்க. ஆனா இன்னைக்கு ஊர்ல ஒரு கேட்டும் பூட்டியிருக்காது. யாரு வந்தாலும் உக்காரவெச்சுச் சோறு போடணும். ஏன் வந்தேன்னு கேக்கக்கூட முடியாது. நாம அவங்ககிட்ட போவோம்."

"உன்னோட போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அங்கெலினா. என்னைத்தான் மாவட்டத்துக்கே தெரியுமே. கறுப்புக் கார்ல சாவு வர்ற மாதிரி பார்ப்பாங்க."

"மலினாவுக்குள்ள தூங்குறது என்னைக்கு முழிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கிளம்புங்க."

என் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன். அதை மலினா மட்டும் கவனித்தாள். "அம்மா, குளிருதா?" என்றாள்.

முதல் வீடு எங்கள் வீடுதான். பெரிய அறையில் நீள மேசையைச் சுற்றி உறவும் அக்கம்பக்கமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஸினோவியாவும் அங்கேதான் இருந்தாள். எங்களுக்குக் கல்யாணத்தில் கிரீடம் சூட்டிய ஞானத்தகப்பன் ஹரலாம்பி மேசையின் தலைப்பக்கம் இருந்தார். ஊரில் அவர் இருமினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

அத்தை ஹால்வாரைப் பார்த்ததும் கைகளை விரித்தார். "அம்மாடி, என்ன உயரம்! முடிவே இல்ல போலிருக்கே. உள்ள வாங்க, உள்ள வாங்க!" அவருக்குப் பின்னால் நுழைந்த டாக்டரைக் கண்டதும் விரிந்த கைகள் அப்படியே காற்றில் நின்றன. அறையில் பேச்சு தணிந்தது. அத்தை சமாளித்தார். "இவங்க... அங்கெலினாவோட இத்தாலி சிநேகிதங்க."

"இத்தாலிக்காரனுக்கு முடி வைக்கோலாட்டம் இருக்குமா?" என்றாள் ஸினோவியா.

"வடக்கு இத்தாலி" என்றார் அத்தை.

எங்கள் வழக்கப்படி ஒயின் சுற்று தொடங்கியது. ஒரே ஜாடி, ஒரே கிளாஸ். வீட்டுக்காரி முதலில் குடித்து, மீண்டும் நிரப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். அவர் காலி செய்ததும் அதே கிளாஸ் அதற்கடுத்தவருக்கு. அத்தை குடித்தார். ஹால்வார் குடித்தார், கண்ணை மூடித் திறந்தார், தலையாட்டினார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. அடுத்தது நான். அத்தையின் கை வழக்கம்போல என்னைத் தாண்டி ஹரலாம்பியை நோக்கிப் போனது. "இவளுக்கு ஈரல்..."

இன்னும் நிரப்பாத அந்தக் கிளாஸை நான் பிடித்துக்கொண்டேன். மேசையிலிருந்த செர்ரிப் பழச்சாற்றை அதில் ஊற்றினேன்.

"எனக்கு ஈரல் நல்லாத்தான் இருக்கு. எனக்குக் காசநோய். வசந்தத்துல இத்தாலி போகல. ஆஸ்பத்திரியில கிடந்தேன். இவங்க என்னோட டாக்டர். இவர் மருந்து கண்டுபிடிக்கிறதுக்குப் பணம் குடுக்குற இடத்துலேருந்து வந்திருக்கார்."

பக்கத்து வீட்டு அக்கார்டியன் மட்டும் கேட்டது. யாரோ ஒரு பெண் தன் குழந்தையை மடியோடு இழுத்துக்கொண்டாள். ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"அப்ப அந்தக் கடல்?" என்றாள் ஸினோவியா. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. "ஆரஞ்சுத்தோல் வாசனை?"

"வார்டுல பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சு உரிச்சா."

டாக்டர் எழுந்து நின்று, சுருக்கமாகச் சொன்னார். இந்த நோய் இருமும் காற்றில் போகும், கிளாஸில் போகாது. சரியான மருந்து விழுங்கத் தொடங்கிச் சில வாரங்களிலேயே அங்கெலினாவின் சளியில் கிருமி இல்லை. அவளால் யாருக்கும் வராது. நான் பழச்சாற்றில் பாதியைக் குடித்துவிட்டு மீதியோடு கிளாஸை ஹரலாம்பியிடம் நீட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை அந்தரத்தில் கனத்தது. இந்தக் கிளாஸை யாரும் வாங்காவிட்டால் நாளைக்கு மலினாவோடு ஒரு பிள்ளையும் விளையாடாது. ஆய்வும் வராது.

அத்தை மேசையைச் சுற்றி வந்தார். என் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கினார். மீதியை ஒரே மூச்சில் குடித்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"வசந்தத்துலேருந்து இவ மாவு பிசைஞ்சு சுட்ட பிளசிந்தாவைத் தின்னுட்டு, ரெண்டாவது தட்டு குடுன்னு கேட்டீங்க. இப்ப ஒரு கிளாஸைப் பார்த்துக் கண்ணு பிதுங்குதா? பொய் சொன்னது நான். திட்டுறவங்க என்னைத் திட்டுங்க. ஆனா சாப்பிட்டுட்டுத் திட்டுங்க, சேவல் ஆறிப்போகுது!"

யாரோ சிரித்தார்கள். ஹரலாம்பி சிரிக்கவில்லை. கிளாஸை வாங்கி, அத்தை முன் நீட்டினார். "ஊத்து, ப்ரோஃபிரா."

குடித்தார். மீசையைத் துடைத்தார். பிறகு மேசை விரிப்பின் பூவேலையைப் பார்த்தபடி சொன்னார்: "என் மகன் சிம்யோனுக்கும் அதேதான்."

"சிம்யோனுக்குக் கால்தானே ஒடிஞ்சது?" என்றாள் ஸினோவியா. "மாவுக்கட்டோட நான் பார்த்தேனே!"

"மாவுக்கட்டு நான் போட்டது. ஆறு மாசம் வீட்டை விட்டு வராததுக்கு வேற என்ன சொல்றது?"

"நல்ல காலுக்கா கட்டுப் போட்டீங்க ஞானப்பா?" என்றேன்.

"நல்ல காலுக்குத்தான். உள்ள அரிக்குதுன்னு அழறான். பின்னல் ஊசியைக் குடுத்திருக்கேன், சொறிஞ்சுக்க."

அறை வெடித்தது. சிரிப்பில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். டாக்டர் மட்டும் அவசரமாகக் கேட்டார்: "மருந்து? மருந்து சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறான் டாக்டரம்மா. பக்கத்து மாவட்டத்துல வாங்குறோம், யாருக்கும் தெரியாம." அவர் குரல் இறங்கியது. "அவனோட பசங்க ரெண்டு பேரு. என் பொண்டாட்டி. நான். எங்களையும் சேத்துக்குவீங்களா?"

டாக்டர் ஹால்வாருக்கு மொழிபெயர்த்தார். மாவுக்கட்டு வரும்வரை அவர் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாவுக்கட்டு வந்ததும் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் ஈரமாயிருந்தன. அந்தக் காலைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

ஊரே ஹரலாம்பி வீட்டுக்குத் திரண்டது. டாக்டர் எல்லோரையும் வெளியே, காற்றோட்டமான முற்றத்தில் நிற்கச் சொன்னார். வாக்கர் பிடித்து நொண்டியபடி வந்த சிம்யோன், பழக்கதோஷத்தில், கூட்டத்தைப் பார்த்ததும் இன்னும் அதிகமாக நொண்டினான்.

"நடிச்சது போதும்டா, உக்காரு" என்றார் அவன் அப்பா. கொடிமுந்திரி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்தார். ஹால்வார் குளிர்ந்த தரையில் மண்டியிட்டு அந்தக் காலைத் தன் தொடைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். மாவுக்கட்டு ஓடுபோல் பிளந்தது. உள்ளிருந்து வெளுத்து, மெலிந்து, குளிரில் சிலிர்த்த கால் வெளியே வந்தது. சிம்யோன் இரண்டு கைகளாலும் அதைச் சொறிந்த சொறியில், அவன் முகத்தில் பரவிய ஆனந்தத்தை நான் வேறெந்த மனிதனிடமும் கண்டதில்லை. பிறகு எழுந்தான். வாக்கரைத் தள்ளிவிட்டான். ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் வெறும் பாதமுமாக, கேட்டைத் திறந்து தெருவுக்கு நடந்தான். அக்கார்டியன்காரன் கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. திருநாளில் வெளியூர் விருந்தாளி ஒரு வீட்டுக்குப் போய் அடுத்த வீட்டைத் தாண்டினால் அது அவமானம். அதுவும் நார்வேயிலிருந்து வந்தவர்.

"ஹரலாம்பி வீட்டுல சாப்பிட்டீங்க, எங்க வீட்டுல என்ன விஷமா வெச்சிருக்கோம்?" என்று ஒருவர் கேட்டருகே நின்று கத்தினார். உள்ளே போனால் மேசையின் ஓரத்தில் இளைத்த ஒரு மருமகன். அடுத்த வீட்டில், போலந்துக்கு வேலைக்குப் போயிருப்பதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்கா, பின் அறையிலிருந்து வெட்கத்தோடு வெளியே வந்தாள். "போலந்து எப்படி இருந்துச்சு?" என்று யாரோ கேட்க, "ஜன்னல் சின்னது" என்றாள். ஜூலையில் ஒருவரும் தலைகாட்டாத ஊரில், வீட்டுக்கு வீடு கேட்டுகள் திறந்தன. தட்டு நிறையச் சேவல்கறிச் சாற்றை உறையவைத்த ஜெல்லியும், அதோடு கூடவே ஒளித்துவைத்திருந்த உண்மையும் மேசைக்கு வந்தன. எங்களையும் சேத்துக்கோங்க, எங்க பிள்ளைங்களையும் சேத்துக்கோங்க.

ஸினோவியா முந்தி ஓடிப்போய்த் தன் கேட்டில் நின்றாள். "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா எங்க வீட்டுக்கு வராம இந்த ஆள் ஊரை விட்டுப் போக முடியாது!"

இருட்டுவதற்குள் ஹால்வாரால் பெல்ட்டைப் போட முடியவில்லை. கார் பக்கத்தில் நின்று என் கையைப் பற்றினார். முடிவு தன் கையில் இல்லை, ஒரு குழு இருக்கிறது, வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பிறகு தயங்கி, ஒன்று கேட்கலாமா என்றார். இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது யார்? பெரிய அறிவாளியாக இருக்க வேண்டும்.

டாக்டர் ஒத்திலியா தலையை நிமிர்த்திக்கொண்டார். "நான்தான்" என்றார்.

குழு ஜனவரியில் கூடியது. பனி ஜன்னல்வரை குவிந்திருந்த ஒரு நண்பகலில், அத்தையும் நானும் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று முழுதாகக் கேட்கவில்லை, அவர் அழுதுகொண்டே சிரித்தார். நான் மலினாவைத் தூக்கிச் சுற்றினேன். மூச்சிரைக்கவேயில்லை. என்னுடைய கடைசி மாத்திரையை அதற்கு முன்பே விழுங்கி முடித்திருந்தேன். கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில், வடக்குச் சரிவில் ஒரு பனித்திட்டும் இல்லை.

மாத்திரை கொடுக்கத் தொடங்கிய நாளில் பனி உருகித் தெரு சேறாக இருந்தது. கிளினிக் முன்வாசலில் வரிசை, ஸினோவியா வீட்டுக் கேட்டையும் தாண்டி நீண்டிருந்தது. ஹரலாம்பி தன் பேரன்களோடு விடியும்போதே வந்து முதல் இடம் பிடித்திருந்தார். அத்தை அவரை முழங்கையால் நகர்த்தினார்.

"முதல் ஆளு எங்க மலினா."

"நான் உன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிரீடம் வெச்சவன், ப்ரோஃபிரா!"

"கிரீடம் வெச்சீங்க, மாவுக்கட்டும் வெச்சீங்க. தள்ளுங்க."

அவர் தள்ளினார். நர்ஸ் மாத்திரையைப் பிளம் ஜாமில் புதைத்துக் கரண்டியை நீட்டினாள். மலினா மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடி விழுங்கினாள். பிறகு வரிசையின் பக்கம் திரும்பி, கடைசி ஆளுக்கும் தெரியும்படி வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள். ஒன்றுமில்லை. உள்ளே போய்விட்டது. வரிசை முழுக்கக் கை தட்டியது.

"என்ன வேடிக்கை?" என்று கத்தினார் அத்தை. "அடுத்த ஆளு வாங்க!"